என் எழுத்துதான், ஆனா நான் எழுதல

அந்த மனிதருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கிளாஸ் கழுவுவதை எழுந்து போய்ப் பார்ப்பார். பால் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். டீ மேசைக்கு வந்த பிறகு என் கிளாஸையும் தன் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒனக்கு மட்டும் நுரை ஜாஸ்தியா ஊத்தியிருக்கானே, என்ன சங்கதி?" என்பார். "வேணும்னா மாத்திக்கிருங்கண்ணே" என்று நான் தள்ளி வைத்தால் போச்சு. இவன் ஏன் கேட்டவுடனே மாற்றிக்கொள்ளச் சொல்கிறான் என்று அதற்கும் ஒரு யோசனை ஓடும். கடைசியில் ஆறி அவலாய்ப் போனதைக் குடித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு டீயா?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்.

திண்டுக்கல்லில் கடை போர்டு எழுதிப் பிழைத்தவர் அவர். நான் மேற்கு ரத வீதியில் ஒரு சின்ன அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தேன். ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குவது என் பிழைப்பு, தூரிகை பிடிப்பது அவர் பிழைப்பு. இரண்டு பேருக்கும் சோறு போட்டது எழுத்துதான் என்பதால் ஒரு பழக்கம் உண்டாயிற்று. நட்பு என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. நான் நட்பாகத்தான் இருந்தேன். அவர் எப்படி இருந்தார் என்பது இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பெயரை எழுதப் போவதில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, போர்டுக்காரர் என்றால் போதும். எழுதினால், எங்கே இருந்தாலும் எழுந்து வந்து, "ஏலே, என் பேரை எதுக்கு எழுதினே? யாரு எழுதச் சொன்னது?" என்று கேட்பார். எனக்கு இந்த வயதில் அதற்குப் பதில் சொல்லத் தெம்பில்லை.

அவர் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற போர்டுக்காரர்கள் சுண்ணாம்பு நூல் அடித்து, அடிக்கோல் வைத்து, கட்டம் கட்டி எழுதுவார்கள். எழுத்துக்கு ஒரு நிழல், நிழலுக்கு ஒரு கரை. இவர் நூல் அடித்து நான் பார்த்ததில்லை. தட்டைத் தூரிகையைப் பெயிண்டில் தோய்த்து எடுத்தால், தடிப்பாகத் தொடங்கி வளைந்து மெலிந்து வாலாய் முடியும். ஓர் எழுத்து வரியை விட்டுக் கொஞ்சம் மேலே நிற்கும், அடுத்தது கொஞ்சம் இறங்கும். ஒரே போர்டில் நாலு 'ம' வந்தால் நாலும் நாலு விதம். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குக் குளிக்கப் போகிறவன் நடக்கிற நடை இருக்கிறதே, அந்த மாதிரி எழுத்து. எந்தக் கவலையும் கிடையாது அதற்கு. பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி, "இம்புட்டு சந்தோசமா எழுதுற ஆளு எப்படி இருப்பாரோ" என்பார்கள். எப்படி இருப்பார் என்று எனக்கல்லவா தெரியும்!

சலூன், சைக்கிள் கடை, மிட்டாய்க் கடை, டெய்லர் கடை, கலர் சோடா போத்தலின் லேபிள், டூரிங் டாக்கீஸ் தட்டி, லாரியின் பின்பலகை, எல்லாவற்றிலும் அவர் எழுத்துதான். ஆனால் எதற்கு எழுதுவது, எதற்கு எழுதக் கூடாது என்பதில் மனிதர் கறார். பத்திர ஆபீஸ் பக்கம் பத்திரம் எழுதுகிற ஒருவர் தன் அறைக்குப் போர்டு கேட்டு வந்தபோது மாட்டேன் என்றுவிட்டார். கருமாதி நோட்டீஸுக்குத் தலைப்பு எழுதித் தரச் சொல்லி எங்கள் முதலாளி ஆள் அனுப்பினார். வந்த ஆளை இவர் பிடித்து ஏசி அனுப்பினார். "சிரிக்கிற எழுத்தய்யா இது. இதக் கொண்டு போயி எழவு வீட்டுல தொங்கவிடவா? சொல்லு, ஒங்க மொதலாளி என்ன நெனப்புல கேக்குறாரு? என்னைய ஊருக்குள்ள கேவலப்படுத்தத்தானே?"

எழுதும்போது யாரும் பார்க்கக் கூடாது. ஏணியைச் சுற்றிச் சாக்குகளைத் தைத்துத் திரை கட்டிக்கொள்வார். தெருவில் போகிறவர்களுக்கு அவர் பாதம் மட்டும்தான் தெரியும். யாராவது நின்று பேசினால் பேச்சு அவரைப் பற்றித்தான் என்று நினைத்து, பாதி எழுத்தில் இறங்கி வந்து திரையை விலக்கிப் பார்ப்பார். பெயிண்ட் டப்பாக்களின் மேல் தப்பான பெயர் எழுதி வைத்திருப்பார். சிவப்பின் மேல் 'தார்' என்று இருக்கும். "களவாண்டு போனா மூதேவி முழிக்கட்டும்" என்று ஒரு திருப்தி. பாராட்டினாலும் ஆகாது அவருக்கு. "புகழ்றவன் எதுக்கோ அடி போடுறான் அப்பு" என்பார். ஒரு தடவை ஒரு பூட்டுப் பட்டறைக்காரர், தன் போர்டு அமைந்த அழகில் மனம் குளிர்ந்து, கையால் செய்த மாங்காய்ப் பூட்டு ஒன்றை இனாமாகக் கொடுத்தார். இவர் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னொரு சாவி ஒம்மகிட்ட இருக்கும்ல?" என்று கேட்டார். பட்டறைக்காரர் பூட்டைப் பிடுங்கிக்கொண்டு போனவர் அப்புறம் அந்தத் தெருவுக்கே வரவில்லை.

மேட்டுப்பட்டியில் அவர் வீடு. வீட்டம்மா அவருக்கு நேர் எதிர். வாய் கொள்ளாத சிரிப்பு. "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, எங்கப்பாகிட்ட இது நெசப் பல்லான்னு கேட்டவருதான தம்பி இவரு" என்று அவர் எதிரிலேயே சொல்வார். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அப்ப நீ ஏன் பல்லக் காட்டாமலே உக்காந்திருந்தே?" என்று முப்பது வருசம் கழித்தும் அந்தக் கேள்வியை அவர் விட்டபாடில்லை.

ஒரே பெண், மரகதம். அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடியதை ஒரு தனிக் கதையாகவே சொல்லலாம். வந்த இடத்தையெல்லாம் தட்டிக் கழித்தார். ஒருவன் அதிகம் பேசினான், ஒருவன் பேசவே இல்லை, ஒருவன் வீட்டில் நாய் வளர்த்தார்கள். எதை ஒளிக்க நாய்? கடைசியில் நாகல் நகரில் வெங்காய மண்டி வைத்திருந்த ஒருவரின் மகன் அமைந்தான். இவர் மண்டிக்கு எதிர்த்த டீக்கடையில் போய் நாள்கணக்கில் உட்கார்ந்தார். மூட்டை தூக்குகிறவர்களிடம் விசாரித்தார். எடை போடும் ஆளைத் தனியே கூப்பிட்டு, எடைக்கல்லெல்லாம் ஒழுங்குதானா என்று கேட்டார். சேர் போய்க் கிலோ வந்த புதிது, அதனால் அந்தக் கேள்வி யாருக்கும் பெரிதாகப் படவில்லை. மண்டிக்காரருடைய பூர்வீகம் சேவுகம்பட்டி என்று கேள்விப்பட்டு அங்கேயும் பஸ் ஏறிப் போய் வந்தார். வந்து என் அச்சாபீஸ் வாசலில் சோர்ந்துபோய் உட்கார்ந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணும் ஆப்புடல அப்பு. ஒரு குத்தங்கூட இல்ல. அதான் யோசனையா இருக்கு."

"யோசிச்சது போதும்ணே, வெத்தலையை மாத்துங்க" என்று நான் சத்தம் போட்டேன். அவர் வீட்டம்மாவும் சத்தம் போட்டார். வெற்றிலை மாற்றி நிச்சயம் ஆயிற்று. மரகதத்துக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தையில் கல்யாணம் என்று பேச்சு.

அந்த ஐப்பசியில்தான் அந்த நோட்டீஸ் வந்தது.

ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாகல் நகர் வரைக்கும் சுவர் சுவராக ஒட்டியிருந்தது. மண்டி வியாபாரிகள் தங்களுக்குள் தலைவர் தேர்தல் வைத்திருந்த சமயம். மரகதத்தின் வருங்கால மாமனார் அதில் நின்றார். நோட்டீஸில் இருந்தது இதுதான்: 'கள்ள எடைக்கல் வைத்துக் கனத்தவருக்கு மாலையா? மண்டிக்காரர்களே, கண் திறங்கள்!' பெயர் போடவில்லை. நாகல் நகரில் யாருக்கும் பெயர் தேவைப்படவும் இல்லை. அடியில் அச்சகத்தின் பெயரும் இல்லை.

எழுத்து போர்டுக்காரருடையது. சந்தேகமே வேண்டாம், நான் தெருவின் இந்தப் பக்கமிருந்து பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். அந்த வளைவு, அந்த வால், அந்த ஏற்ற இறக்கம். ஒருவனைத் திருடன் என்று சொல்கிற வாசகத்தை அந்த எழுத்து சிரித்துக்கொண்டே சொன்னதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. பெரிய எழுத்தில் நோட்டீஸ் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் போர்டு எழுதுகிறவரிடம் தாளில் எழுதி வாங்கி, அதை அப்படியே தகட்டில் பிளாக் எடுத்து அச்சடிப்பார்கள். அவரும் பல பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்தவர்தான். அடப்பாவி மனுசா, சம்பந்தியைப் பற்றியே எழுதிக் கொடுத்துவிட்டாயா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஏதோ குற்றம் அகப்பட்டிருக்கும், நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் இப்படிச் செய்திருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் மேட்டுப்பட்டிக்கு ஓடியபோது மண்டிக்காரர் எனக்கு முன்னால் அங்கே வந்து நின்றார். கூட அவருடைய மச்சினர், எடை போடுகிற ஆள். மண்டிக்காரர் கையில் சுவரிலிருந்து உரித்த நோட்டீஸ், பசை காயாமல் விரலில் ஒட்டியது. கோபக்காரர் இல்லை அவர். அதனால்தான் அவர் குரல் நடுங்கியதைக் கேட்க முடியவில்லை.

"சம்பந்தி, இது யாரு எழுத்து? நீங்களே சொல்லுங்க."

போர்டுக்காரர் வாங்கிப் பார்த்தார்.  தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"என் எழுத்துதான்" என்றார். "ஆனா நான் எழுதல."

"என்ன வெளாட்டு பண்றீகளா?" என்று மச்சினர் பாய்ந்தார். "ஒங்க எழுத்தாம், நீங்க எழுதலையாம்! பின்ன ஆவியா வந்து எழுதுச்சு?"

எடை போடுகிற ஆள் தலையைச் சொறிந்தபடி, "இவரு அன்னிக்கு என்கிட்ட எடைக்கல்லப் பத்தித் துருவித் துருவிக் கேட்டாருங்க மொதலாளி. அப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்றான்.

அவ்வளவுதான். மண்டிக்காரர் முகம் செத்துவிட்டது. போர்டுக்காரர் வீட்டம்மா குறுக்கே வந்து, "அண்ணே, அவரு எல்லாத்தையும் கேப்பாருண்ணே, எங்க வீட்டு உப்பு உப்புத்தானான்னு கேப்பாரு, அத மனசுல வச்சுக்கிறாதீக" என்று கும்பிட்டார். மரகதம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அப்பாவையே பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததும் சந்தேகம்தான். அதை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன், தலை குனிந்தது.

"இது யாரு வேலைன்னு காட்டுங்க" என்றார் மண்டிக்காரர். "வெள்ளிக்கெழமை வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா மாத்தின வெத்தலையத் திருப்பி அனுப்பிருவேன். எனக்கு வேற வழி தெரியல."

அன்று மத்தியானமே போர்டுக்காரர் எங்கள் அச்சாபீஸுக்கு வந்தார். 'வா, போ' என்ற பேச்சில்லை. எழுத்துப் பெட்டிகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். கழிவுத் தாள் கூடையைக் கவிழ்த்தார். என் கையைப் பிடித்து விரலை முகர்ந்தார். அச்சாபீஸ்காரன் விரலில் மை வாடை இல்லாமல் மல்லிகைப்பூ வாடையா வரும்?

"என்னையவா சந்தேகப்படுறீக?" என்று கத்தினேன்.

"எல்லாரையுந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, எப்படியும் போ என்று விட்டிருக்க வேண்டும். மரகதம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை. வாசல் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை உரித்துக் கொண்டுவந்து, கற்பலகை மேல் விரித்து வைத்துக்கொண்டு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். தின்றுகொண்டே பார்க்கிறேன். 'கள்ள'வில் ஒரு க. அந்த வளைவின் அடியில் ஒரு சின்னப் பொக்கு, எலி கொறித்த மாதிரி. 'எடைக்கல்'லில் இருக்கிற க, அதிலும் பொக்கு, அதே இடத்தில். 'கனத்தவருக்கு', அதிலும். 'கண்', அதிலும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைப் பார்க்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். எழுத்துக் கோக்கிற எவனும் நாளைக்குப் பத்துத் தடவை உடைந்த எழுத்தைப் பார்த்துத் திட்டுகிறவன்தான். ஆளே எழுதி பிளாக் எடுத்திருந்தால் ஒவ்வொரு க-வும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதுவும் இந்த மனிதர் எழுதினால் சொல்லவே வேண்டாம். இங்கே எல்லா க-வும் ஒரே க. அச்சு வார்த்தாற்போல என்பார்களே, அதேதான். எவனோ அவர் எழுத்தைப் பார்த்து மரத்தில் தனித்தனி எழுத்தாகச் செதுக்கியிருக்கிறான். ஒரு க-வில் பொக்கு விழுந்ததைக் கவனிக்காமல், அதிலிருந்தே அச்சு எடுத்து மற்ற க-வையும் செய்திருக்கிறான். இனி எவன் வேண்டுமானாலும் அவர் கையில்லாமல் அவர் எழுத்தில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம்.

மேட்டுப்பட்டிக்குப் போய்ச் சொன்னேன். அவர் நம்புகிற முகமாக இல்லை. தாளைப் பிடுங்கிப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு பொக்காகத் தொட்டுக்கொண்டே போனார்.

"செதுக்கணும்னா அவனுக்கு அம்புட்டு எழுத்தும் வேணும்லண்ணே? ஒரு எழுத்து விடாம. ஒங்க போர்டு எதுலயாச்சும் அம்புட்டும் இருக்கா?"

"எந்தப் போர்டுல அம்புட்டும் இருக்கும்? கடைப் பேருல..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். எனக்கும் அதே நேரத்தில்தான் உறைத்தது.

தாடிக்கொம்பில் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். சிறு பிள்ளைகள் வகுப்புச் சுவரில் அரிச்சுவடி எழுத ஆள் வேண்டும் என்று முந்தின வருசம் அவர் கேட்டபோது, இவரைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். கூலிகூட வாங்காமல் எழுதினார். நாலு சுவரிலும் உயிர், மெய், உயிர்மெய் மொத்தமும். சாக்குத் திரையைக் கொண்டுவந்தார், கட்டவில்லை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்து முடிந்ததும் கத்தினார்கள். "திரை கட்டலியாண்ணே?" என்று கேட்டதற்கு, "பிள்ளைங்க என்ன களவாணிப் பயலுகளா?" என்று என் மேல்தான் எரிந்து விழுந்தார். அவர் சிரித்தபடி எழுதி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

இரண்டு சைக்கிளில் தாடிக்கொம்புக்குப் போனோம். பக்கத்தில் வரமாட்டார். "நீ முன்னால போ, நான் பின்னால வாரேன்" என்று என் முதுகையே பார்த்தபடி வந்தார். அக்கா வீட்டுக்காரர் வெள்ளை மனசுக்காரர், கேட்டவுடனே சொல்லிவிட்டார். "கோடை லீவுல வெளியூர் அச்சாபீஸ்லருந்துன்னு ரெண்டு பேரு வந்தாக. பிள்ளைங்களுக்குப் பாடப் புத்தகம் போடப் போறோம், எழுத்து ரொம்ப லட்சணமா இருக்குன்னாக. எண்ணெய்த் தாளை வச்சு அச்சு எடுத்துக்கிட்டுப் போனாக. நல்ல காரியந்தானேன்னு விட்டேன். ஏன், புத்தகம் வந்துருச்சா?"

போர்டுக்காரர் சுவருக்குக் கிட்டத்தில் போனார். ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் நாலு மூலையில் குண்டூசி குத்திய ஓட்டை. அதையெல்லாம் தடவிப் பார்த்தார்.  எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, பயத்தில் சும்மா நின்றேன்.

நேரே மண்டிக்குப் போனோம். வியாழக்கிழமை சாயங்காலம், மூட்டைகளுக்கு நடுவே மண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் நோட்டீஸை வெங்காயச் சாக்கின் மேல் விரித்து, க-வை எல்லாம் கத்தரித்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் காட்டினேன். அப்புறம் அவர் மண்டிக்கே போர்டுக்காரர் எழுதிய பலகையைக் காட்டினேன். அதில் இருக்கிற இரண்டு க-வும் ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. பள்ளிக்கூடத்துச் சங்கதியையும் சொன்னேன். என் அக்கா வீட்டுக்காரர் நேரில் வந்து சொல்லத் தயார் என்றும் சொன்னேன்.

மண்டிக்காரர் அந்தத் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "முத்திரை குத்துன மாதிரில்ல இருக்கு" என்றார். எழுந்து வந்து போர்டுக்காரர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, தப்பா நெனச்சுட்டேன், பொறுத்துக்கிருங்க. எனக்கு எதிரா நிக்கிறவன் பார்த்த வேலை இது. கல்யாணத் தேதிய மாத்த வேண்டியதில்ல." மச்சினர் ஓடிப்போய்க் கலர் வாங்கிவந்தார். எடை போடுகிற ஆள் காலில் விழாத குறை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மேட்டுப்பட்டிக்குப் போய் மரகதத்திடம் முதலில் சொல்லப் போவது நான்தான் என்று சைக்கிளை எடுத்தேன். சொன்னேன். அந்தப் பெண் "சித்தப்பா" என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேச முடியாமல் உள்ளே ஓடிப் போனாள்.

எந்த அச்சாபீஸ் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மண்டிக்காரர் தேர்தலில் ஜெயித்தார். அந்த எழுத்து மட்டும் நிற்கவில்லை. மார்கழிக்குள் ஊதுபத்தி அட்டையில், பொடி டப்பாவில், நாடக நோட்டீஸில், எங்கே பார்த்தாலும் வந்துவிட்டது. கருமாதி நோட்டீஸில்கூட ஒன்று பார்த்தேன், அவரிடம் காட்டவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது புருசனும் பெண்சாதியுமாக எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்தார்கள். என் சம்சாரம் பாய் விரித்தாள். அவர் வீட்டம்மா தட்டில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை, குங்குமம் எல்லாம் வைத்து, "தம்பி, நீ இல்லேன்னா இந்தக் கல்யாணமே இல்லப்பா" என்று நீட்டினார். நான் கையை நீட்டினேன். போர்டுக்காரர் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பு, ஒண்ணே ஒண்ணு. கேக்கட்டுமா?"

"கேளுங்கண்ணே."

"பள்ளிக்கூடத்துல எழுதச் சொல்லிக் கூட்டிட்டுப் போனது நீ. அந்த வாத்தியாரு ஒங்க மச்சான். அச்சாபீஸ்ல வேலை பாக்குறது நீ. ஊருல எவன் கண்ணுக்கும் படாத பொக்கு ஒன் கண்ணுக்கு மட்டும் பட்டுருக்கு. எல்லா எடத்துலயும் நீதானப்பா நிக்கிறே?"

அவர் வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார். என் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே இறங்கியும் விட்டது. அவர் அடுக்கியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவர் இடத்தில் இருந்து பார்த்தால் நானே என்னை நம்பியிருக்க மாட்டேன்.

"அப்ப பத்திரிகை தாறீகளா, இல்லியாண்ணே?"

அவர் யோசித்தார். நிசமாகவே யோசித்தார். தட்டை விட்டார்.

"வா. ஆனா என் கண்ணுல படுற எடத்துல உக்காரு."

போனேன். போகாமல் இருக்க முடியுமா? பந்தலில் முன்வரிசையில், மணவறைக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். மரகதம் பட்டுச் சேலையில் தலை குனிந்து வந்தாள், மண்டிக்காரர் மகன் வேர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தான். போர்டுக்காரர் மகளுக்குப் பின்னால் நின்றார், புதுத் துண்டு, நெற்றியில் சந்தனம். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அட்சதையை அள்ளினார்கள். அவருடைய கண் மட்டும் என்னை விட்டு அசையவில்லை.

 ஒரே பெண்ணய்யா, இந்த ஒரு நிமிசத்துக்காகத்தானே இத்தனையும் பட்டாய்! "அண்ணே, அங்க பாருங்க!" என்று மேளச் சத்தத்தையும் மீறிக் கத்தி, மணவறையைக் கைநீட்டிக் காட்டினேன்.

எதற்காக நான் அவர் பார்வையை அந்தப் பக்கம் திருப்பப் பார்க்கிறேன் என்று அவருடைய கண்கள் இன்னும் கொஞ்சம் சுருங்கின. மூன்றாவது முடிச்சு விழுந்தது. அவர் திரும்பவே இல்லை.